எலிக்கு முடியும், அக்காவுக்கு முடியாதா?

அறிமுகக் கூட்டத்தில் "ஏன் சிறுநீரக மருத்துவம்?" என்று கேட்டதற்கு உங்களில் பாதிப் பேர் "ஸ்டெம் செல்" என்று பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் காலத்தில் நாங்கள் "சேவை" என்றோம். இரண்டும் உண்மையில்லை. வாங்கிய மதிப்பெண்ணுக்கு இந்தத் துறைதான் கிடைத்தது. அதனால் ஒன்றும் மோசமில்லை. கிடைத்ததைக் கட்டிக்கொண்டு அப்புறம் அதன்மேல் காதல் கொள்வது நம் ஊரில் புதிதா என்ன?

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி துறையில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் பேனாவைக் கொடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது: மணி அடித்து நிறுத்த ஆள் கிடையாது. ஆனாலும் டயாலிசிஸ் எப்படிச் செய்வது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தைவிட நம்பகமாக நம் செவிலியர்கள் இருக்கிறார்கள். நீங்களே விரும்பிக் கேட்டதால் ஸ்டெம் செல் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

முதலில், மற்ற துறைக்காரர்கள் யாராவது இதைப் புரட்டினால் அவர்களுக்காக ஒரு வரி. ஸ்டெம் செல் என்பது இன்னும் எந்த வேலையிலும் சேராத உயிரணு. தோலாகவும் போகலாம், இரத்தமாகவும் போகலாம், சிறுநீரகக் குழாயாகவும் போகலாம். பட்டம் முடித்துவிட்டு எல்லா வேலைக்கும் விண்ணப்பம் போட்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல, அதனிடம் திறமை நிறைய இருக்கிறது; எங்கே போய்ச் சேரும் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது இது. குறுவை அறுவடை நேரம். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வளர்மதி என்ற பெண்ணைத் தஞ்சாவூரில் நம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பதை ஒட்டிய வயது. வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. பக்கத்து அரசு மருத்துவமனையில் உடனே விஷமுறிவு மருந்து போட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அந்தப் பாம்பின் விஷம் சிறுநீரகத்தை விட்டுவைக்காது. சிறுநீர் அடியோடு நின்றுபோய், முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்க நம்மிடம் வந்து சேர்ந்தாள். கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் தொடங்கினோம்.

அவளுடைய தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் நட்டு அறுத்த குடும்பம் அது. வளர்மதி காலத்தில் சொந்த வயல் வந்தது. அவள் தம்பி அறிவழகன் காலத்தில் பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடம் வந்தது. அங்கே அவன் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி என்ன என்று நினைக்கிறீர்கள்? ஸ்டெம் செல்லிலிருந்து சிறுநீரகத் திசுவை வளர்ப்பது. இப்படி ஒரு பொருத்தத்தைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள். வாழ்க்கைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

செய்தி கேட்டு அறிவழகன் ஓடிவந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எதைச் சொன்னாலும் பாதி வாக்கியத்தில் யோசிக்கும் பையன். அவன் வார்டுக்குள் நுழைந்ததுமே சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். சாமி வந்ததுபோல ஓர் எதிர்பார்ப்பு. ஊரில் இத்தனை வருடமாக "எங்க வீட்டுப் பையன் கிட்னி செய்யற படிப்பு படிக்கறான்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். இப்போது வீட்டிலேயே கிட்னி தேவைப்படுகிறது.

வளர்மதியின் கணவர் கலியபெருமாள் அவனை என் எதிரிலேயே பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, அந்த செல்லு எடுத்தாந்தியா?"

"இல்ல மாமா. அது... அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

"நீதான போன பொங்கலுக்கு வந்தப்ப சரியாயிடுச்சின்னு சொன்ன?"

"அது எலிக்கு மாமா. கெட்டுப்போன சிறுநீரகம் கொஞ்சம் தேறுச்சு. எலிக்குத்தான்."

கலியபெருமாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எலிக்குப் பாப்ப. ஒன்ன சைக்கிள்ல வச்சி பள்ளிக்கூடத்துக்கு மிதிச்ச அக்காவுக்குப் பாக்க மாட்ட. அப்படித்தான?"

எனக்குச் சிரிப்பும் வந்தது. அறிவழகன் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கியும் போனது. வயலில் எலி பிடிக்கிற ஊர்க்காரர்களிடம், எலியைக் காப்பாற்றுவதற்காக இத்தனை வருடம் படித்தேன் என்று விளக்குவது எளிதல்ல.

இங்கே இன்னொருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அப்போது எங்கள் பிரிவில் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர். பெயர் சொல்ல மாட்டேன். இன்று உங்களுக்கு வகுப்பெடுப்பவர் அவர். இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது யார் தொண்டையைச் செருமுகிறார் என்று பாருங்கள். அந்தக் காலத்தில் உலகத்தில் எந்த மூலையில் ஸ்டெம் செல் கட்டுரை வந்தாலும் காலைக் காபிக்கு முன்பே படித்துவிடுவார். பாராட்டத்தக்கதுதான். ஆனால் படித்ததை யாரிடம் சொன்னார் என்பதுதான் விஷயம்.

இரண்டு வாரமாகியும் வளர்மதிக்குச் சிறுநீர் வரவில்லை. நடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த கலியபெருமாளைப் பார்த்து நம் இளம் மருத்துவருக்கு மனம் இளகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசியிருக்கிறார். எங்கெங்கோ நடக்கும் ஆராய்ச்சிகள், எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கிற உயிரணுக்கள், வருங்காலத்தில் டயாலிசிஸே தேவைப்படாமல் போகலாம் என்பது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால், "வரலாம்" என்று நாம் சொல்வதைக் கவலையில் இருப்பவர் "வந்துவிட்டது" என்றுதான் கேட்பார். நம் எதிர்காலம் எல்லாம் அவர் காதுக்குள் போகும்போது நிகழ்காலமாகிவிடும். இலக்கண வகுப்பில் தூங்கினீர்களோ இல்லையோ, நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது வினைச்சொல்லில் கவனமாக இருங்கள்.

கலியபெருமாள் போனை எடுத்துத் தேடினார். பெருநகரம் ஒன்றில் ஒரு க்ளினிக், கிட்னிக்கு ஸ்டெம் செல் ஊசி போடுவதாக விளம்பரம் செய்திருந்தது. இவர் அழைத்த சற்று நேரத்திலேயே அவர்களும் திரும்ப அழைத்துவிட்டார்கள். நம் ஆய்வகம் அவ்வளவு சீக்கிரம் யாரையும் அழைத்ததாக எனக்கு நினைவில்லை.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்த விதம்தான் மோசம்.

ஒரு பிற்பகல். டயாலிசிஸ் அடுத்த நாள்தான். வளர்மதி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையெல்லாம் தளர்ந்துபோகிறது என்றாள். மானிட்டரில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கியது. அலைகள் அகன்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பார்க்கவே சகிக்கவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இப்படி ஆகும். இதயம் எந்த நொடியும் நின்றுவிடலாம். நான் உள்ளே போனபோது நம் இளம் மருத்துவர், இயந்திரத்தின் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நமக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்லும் இயந்திரத்தைச் சந்தேகிப்பது மனித இயல்பு. அவரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் கால்சியம் ஊசியை ஏற்றச் சொன்னேன். ஏறிக்கொண்டிருக்கும்போதே இளம் மருத்துவர் கலியபெருமாளிடம் சத்தம் போட்டார்: "இவங்களுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கலிங்க சார்."

"பழம்? ஜூஸ்?"

"சாமி சத்தியமா ஒண்ணும் இல்லிங்க."

நான் அவர் தோளில் கைவைத்து, சந்தையில் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டேன். "ஐயா, எத்தன இளநீ?"

"ரெண்டுதாங்க டாக்டரம்மா," என்றார் உடனே. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

கொடுத்தீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். அது குற்றச்சாட்டு. எத்தனை என்று கேட்டால் அது வெறும் கணக்கு. இந்த டெல்டாவில் நோயாளியின் கட்டிலுக்கடியில் இளநீர் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். இளநீருடன் ஒரு பொட்டலம் பொடியும் வெளியே வந்தது. ஊசிக்கு முன்னால் 'உடம்பைத் தயார் செய்ய' அந்த க்ளினிக்காரர்கள் அனுப்பியதாம். தினம் இளநீரில் கலந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம்; சிறுநீர் போகாத உடம்புக்கு அது என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவசர டயாலிசிஸ் தொடங்கி, மானிட்டரில் அலைகள் மீண்டும் பார்க்கிற மாதிரி ஆனபோதுதான் நான் உட்கார்ந்தேன். அதுவும் கலக்கத்தில்தான். நான் உட்கார்ந்ததை அனுபவத்தின் நிதானம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இளம் மருத்துவர் கொதித்துப்போயிருந்தார். "மேடம், இவங்கள டிஸ்சார்ஜ் பண்ணிடலாம். நாம ஒண்ணு சொல்றோம், அவங்க ஒண்ணு செய்யறாங்க. கொல்லப் பாத்திருக்காங்க."

"அனுப்பினா எங்க போவாங்க?"

"அந்த க்ளினிக்குக்குத்தான்."

"அப்ப பஸ் ஏத்திவிட நீங்களே போயிட்டு வாங்க. மொதல்ல அவருக்கு ஸ்டெம் செல்னு காதுல போட்டது யாருன்னு கேட்டேன். கண்ணாடி போட்ட நல்ல டாக்டர் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ரொம்ப அன்பா சொன்னாராம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் அழுக்கு எதுவும் இல்லை.

கலியபெருமாள் வருந்தினார், ஆனால் மனம் மாறவில்லை. ஊசிக்காகக் கூட்டிப்போயே தீருவேன் என்று நின்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நாங்கள் கொடுத்ததெல்லாம் "பொறுங்கள்" என்ற ஒரே வார்த்தை. அந்த க்ளினிக்கின் ஆள் ஒருவர் தஞ்சாவூருக்கே வந்திருப்பதாகவும், மறுநாள் சாயங்காலம் வண்டி ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அந்த ஆளை என் அறைக்கே அழைத்துவரச் சொன்னேன். இளம் மருத்துவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் போகாதே என்று சொல்லி, அந்த ஆள் வாசலுக்கு வெளியே நின்று வா என்று சொன்னால், கேட்பவருக்கு வெளியே நிற்பவர்தான் சொந்தக்காரராகத் தெரிவார். அதற்கு உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுப்பது மேல்.

வந்தவர் மருத்துவர் அல்ல, நோயாளிகளுக்கான ஆலோசகராம். இஸ்திரி கலையாத சட்டை. பல் தெரியச் சிரிப்பு. அறிவழகன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் கலியபெருமாள். என் கையில் வளர்மதியின் திசுச் சோதனை முடிவு இருந்தது. இரத்தம் உறைவது சீரான பிறகு, சிறுநீரகத்தில் ஊசி விட்டு நூலளவு திசு எடுத்து அனுப்பியிருந்தோம். அதில் திசு அங்கங்கே செத்துப்போயிருந்தது. இடையிடையே குழாய்கள் அடிபட்டு, ஆனால் உயிரோடு இருந்தன. முழுக்க நல்ல செய்தியும் இல்லை, முழுக்கக் கெட்ட செய்தியும் இல்லை.

கலியபெருமாள்தான் விசாரணையை நடத்தினார்.

"ஊசி போட்டா ஒண்ணுக்கு வந்துருமா?"

"நிச்சயமா வரும்ங்க," என்றார் ஆலோசகர்.

"மாப்ள, நீ சொல்லு."

"தெரியாது மாமா. மனுசங்களுக்கு இன்னும் யாரும் சரியா நிரூபிக்கல."

"ஊசியால எதுனா கெடுதல்?"

"அறவே கிடையாதுங்க. அவங்க உடம்புலேர்ந்து எடுத்து அவங்களுக்கே போடறோம். தாய்ப்பால் மாதிரி."

அறிவழகன் குறுக்கே புகுந்தான். "மாமா, இடுப்பெலும்புலேர்ந்து எடுப்பாங்க. ரத்தம் கசியலாம், கிருமி தொத்தலாம். உள்ள போன செல்லு எங்க போவுது, என்னவா மாறுதுன்னு முழுசாத் தெரியாது."

"அது வேணாம். சும்மா படுத்துக் கெடந்தா தானா வருமா?" இந்தக் கேள்வி எனக்கு.

"வரலாம். உயிரோட இருக்கற பகுதி தேறி வர வாய்ப்பு இருக்கு. ஆனா வரும்னு அடிச்சிச் சொல்ல எனக்குத் தெரியாது."

கலியபெருமாள் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எல்லாம் தெரிஞ்சவரு ஒருத்தரு. ஒண்ணுமே தெரியாதவங்க ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு டாக்டரு, ஒருத்தரு ஆராய்ச்சி. நான் யாரு பின்னால போறது, நீங்களே சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குப் பின்னாளில் பலமுறை யோசித்து நல்ல பதில்கள் பலவற்றைத் தயாரித்து வைத்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். இந்த அறையில் நாலு பேர் இருக்கிறோம். நாலு பேருக்கும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

"வாங்க, அவங்ககிட்டயே கேட்டுருவோம்," என்று எழுந்தேன். ஆலோசகர் வெளியிலேயே இருப்பதாகச் சொன்னார். நான் விடவில்லை.

வளர்மதி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திசுச் சோதனையைச் சொன்னேன், என் சந்தேகத்தையும் சொன்னேன். கடைசியில் நெல்லை உதாரணம் காட்டினால் புரியும் என்று நினைத்து, "பயிர் அழுகிக் கிடந்தாலும் மறுபடி தழைக்குதுல்ல, அது மாதிரி," என்றேன்.

"அழுவின பயிரு எங்க டாக்டரம்மா தழைக்கும்? உழுது போட்டுட்டு மறுநடவு நட வேண்டியதுதான். நீங்க கிட்னியப் பத்தி மட்டும் சொல்லுங்க."

கட்டிலருகில் நின்றிருந்த நம் இளம் மருத்துவருக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத தொழிலிலிருந்து உவமை எடுக்காதீர்கள். அதுவும் அந்தத் தொழிலைச் செய்பவரிடம்.

வளர்மதி தம்பியைக் கட்டில் பக்கம் வரச் சொன்னாள். "இப்படித் திரும்பு," என்று அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் காதைப் பார்த்தாள்.

"அறிவு, அந்த ஊசி உள்ளபடிக்கே எனக்கு ஒதவாதா?"

"ஒதவும்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு ஆதாரமும் இல்லக்கா. இருந்தா நான் விடுவனா?"

அவள் கணவரிடம் திரும்பினாள். "சின்ன வயசுலேர்ந்து இவன் பொய் சொன்னா காது செவந்துரும். பக்கத்து வீட்டு மாங்கா திருடினப்ப பாத்துருக்கேன், பரிச்ச பேப்பர ஒளிச்சி வச்சப்ப பாத்துருக்கேன். இப்ப செவக்கல. நான் எங்கயும் வரல. இங்கயே கெடக்கறேன்."

"செவக்கலன்னா?" என்றார் கலியபெருமாள் பரிதாபமாக.

"செவக்கலன்னா செவக்கலதான்."

ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தார். காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அறிவியல் வென்றது என்று கை தட்டாதீர்கள். வென்றது ஒரு காது.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. என் பேச்சை நம்பாதவரிடம் வாதாடுவது எளிது. நம்பிப் படுத்திருப்பவளிடம் தினம் காலையில் வெறும் சிறுநீர்ப் பாட்டிலைப் பார்த்துவிட்டு "பார்ப்போம்" என்று சொல்வது எளிதல்ல. டயாலிசிஸ் தொடர்ந்தது. அவள் மெலிந்தாள். ஒருநாள் அறிவழகன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"மேடம், எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை. என்னோட கிட்னிய எடுத்துக்குங்க."

"எதுக்கு?"

"லேப்ல தட்டுல வளர்க்கறதத்தான் குடுக்க முடியல. இதையாவது..."

அவனை உட்காரச் சொன்னேன். அக்காவுக்குக் கொடுக்க நினைப்பது அன்பு. படிப்பு கைகொடுக்காத வெட்கத்துக்காகக் கொடுக்க நினைத்தால் அது வேறு. இரண்டும் அவனுக்குள் கலந்து கிடந்தன. "உன் கிட்னி எங்கயும் ஓடிப்போகாது. உங்க அக்காவோடது இன்னும் முடிவு சொல்லல. அது சொல்ற வரைக்கும் நீ உன்னோடத ஜாக்கிரதையா வச்சிரு. தண்ணி நிறையக் குடி," என்று அனுப்பினேன். கேலியாகத்தான் சொன்னேன். அவன் போன பிறகு, நான் சொன்னது தப்பாகிவிட்டால் இவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாற்றுச் சிறுநீரகம் என்பது நல்ல சிகிச்சை. ஆனால் தேறப்போகிற சிறுநீரகம் இருக்கும்போது இன்னொருவர் வயிற்றைத் திறப்பது நியாயமில்லை. தேறப்போகிறதா என்பதுதான் தெரியவில்லை. இந்தத் துறையில் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படித்தான் வரும். உங்களுக்குத் தெளிவு வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் காத்திருப்பதும் நீங்கள் எடுத்த முடிவுதான்.

ஒரு காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது நடையில் கூட்டம். நடுவில் அறிவழகன், சிறுநீர் அளக்கும் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அடியில் கொஞ்சம், தேநீர் நிறத்தில். வார்டு உதவியாளர் அம்மா, "சார், அளந்தாச்சில்ல, அதக் கீழ வைங்க, இல்ல எங்கிட்ட குடுங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவன் கொடுப்பதாக இல்லை. அடுத்தடுத்த நாள்களில் ஜாடி போதாமல் பெரிய பாத்திரம் தேவைப்பட்டது. டயாலிசிஸ் இடைவெளி நீண்டு, பிறகு நின்றது. கழுத்துக் குழாயை எடுத்தோம். சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. செத்த பகுதி செத்ததுதான். ஆனால் அவள் எந்த இயந்திரமும் இல்லாமல் நடந்து வீட்டுக்குப் போகிற அளவுக்குத் திரும்பியது.

போகிற அன்று அறிவழகன் என்னிடம் சொன்னான்: "நாங்க தட்டுல வளர்க்கறது ஒரு அரிசி அளவுகூட இருக்காது மேடம். ரத்தக்குழாய் கிடையாது. சிறுநீர் வெளிய போக வழி கிடையாது. அக்கா படுத்துக்கிட்டே உள்ளுக்குள்ள செஞ்சிட்டா. மிச்சம் இருந்த செல்லுங்க தானாப் பெருகி, வெறுமையா கெடந்த குழாய மூடியிருக்கு."

"அப்ப வேலைய விட்டுட்டு வயலுக்கு வந்துடறியா?"

"இல்ல மேடம். பக்கத்து செல்லு செத்தப்ப இது மட்டும் எப்படிப் பொழச்சிதுன்னு பாக்கணும். இத்தன நாளா நான் அதக் கேக்கவே இல்ல."

கலியபெருமாள் நன்றி சொன்னார்: முதலில் திருக்கடையூர் வேண்டுதலுக்கு, அடுத்து அந்தப் பொடிக்கு, மூன்றாவதாக எங்களுக்கு. வரிசை மாறவே இல்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அன்று சாயங்காலம் வளர்மதி அந்த வண்டியில் ஏறியிருந்து, வழியில் பிழைத்திருந்து, ஊசியும் போட்டுக்கொண்டிருந்தால், அதே வேளையில் அதே சிறுநீர்தான் வந்திருக்கும். பெயர் ஊசிக்குப் போயிருக்கும். அவளைப் பார்த்து எத்தனை பேர் அந்த க்ளினிக் வாசலில் நின்றிருப்பார்கள்! அந்த ஆலோசகரும் இதை அறிந்தவர்தான். அவள் தேறியதைக் கேள்விப்பட்டு, பொடி சாப்பிட்டவர் என்ற முறையில் விளம்பரத்துக்குப் படம் வேண்டும் என்று போன் செய்தாராம்.

"தாராளமாப் போட்டுக்கங்க," என்றிருக்கிறாள் வளர்மதி. "பொடி குடிச்சி நெஞ்சு நிக்கப் பாத்துதே, அதையும் கூட சேத்துப் போடுங்க." அதோடு அழைப்பு துண்டிக்கப்பட்டதாம்.

இந்த இடத்தில் முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

பல மாதம் கழித்து வளர்மதி பரிசோதனைக்கு வந்தாள். கூட ஒரு பெண்மணி. ஸ்டெல்லா என்று பெயர். திருவிடைமருதூரில் தையல் கடை வைத்திருப்பவர். சர்க்கரை நோயால் சிறுநீரகம் போய், வேறொரு மருத்துவமனையில் நீண்ட நாளாக டயாலிசிஸில் இருந்தார். ஒரு கல்யாண வீட்டில் பழக்கமாம்.

வளர்மதி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள். முகமெல்லாம் சந்தோஷம். "டாக்டரம்மா, நான் சொன்னா இந்த அக்கா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களே சொல்லுங்க. ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம், பொறுத்திருந்தா தானா வந்துரும்னு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்திருந்த ஸ்கேனைப் பார்த்தேன். இரண்டும் சுருங்கி, தழும்பாகிப் போயிருந்தன. வளர்மதி எந்த விளம்பரமும் இல்லாமல், யாரிடமும் எதையும் வாங்காமல், முழு அன்போடு அந்த ஆலோசகரின் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவள் நம்பிக்கைக்குக் காரணமே நான்தான். ஒரு நோயாளிக்குச் சரியாக அமைந்த வார்த்தை, அடுத்தவர் வீட்டுக்குப் போகும்போது பொய்யாகிவிடுகிறது.

"உங்களுக்கு வராதும்மா," என்றேன். "இவங்களுக்கு விஷம் பட்டு ஒரே நாள்ல போச்சு. உள்ள உயிர் மிச்சம் இருந்துச்சு. உங்களோடது பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமாத் தழும்பாயிருக்கு. பொறுத்தா திரும்பாது."

வளர்மதியின் கண் நிறைந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். யாராவது நேராகச் சொல்ல மாட்டார்களா என்றுதான் வந்திருந்தார் போல.

"இவங்க தம்பி ஏதோ படிக்கறாராமே," என்றார். "தழும்பானதையும் சரி பண்றதுக்கு. அது எப்ப முடியும்?"

"தெரியலம்மா. என் காலத்துல முடியும்னு தோணல."

"என் காலத்துல?"

நான் ஸ்கேனை உறையில் போட்டு நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், வற்புறுத்தவில்லை. மடியில் இருந்த பையின் பட்டையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.

"சரி. முடியறப்ப இருக்கறவங்களுக்கு ஆவட்டும். நல்லாப் படிக்கச் சொல்லுங்க அந்தத் தம்பிய," என்றார். "இன்னிக்கு எனக்குன்னு என்ன இருக்குது, அதச் சொல்லுங்க."

வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். கதவருகில் நின்ற செவிலியரிடம் கொஞ்சம் நேரமாகும் என்று சைகை காட்டினேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வது இருக்கிறது, வீட்டில் யாருக்காவது பொருந்துமா என்று பார்ப்பது இருக்கிறது, இப்போது செய்யும் டயாலிசிஸையே இன்னும் நன்றாகச் செய்துகொள்வது இருக்கிறது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.